முறிந்த கணுக்கால்: ஒரு நடை இயந்திர மாடலில் எனாமல் வாஷ் விளைவித்த சேதமும் அதன் சீரமைப்பும்

மாடலின் நிலை

இந்த ஆய்வுக்கு உரியது 1/48 அளவில் அமைந்த ஓர் அறிவியல் புனைவு மாடல்; இரண்டு கால்களால் நடக்கும் ரோந்து இயந்திரம். ஒட்டுப்பசை இல்லாமல், முளையைத் துளைக்குள் அழுத்திப் பொருத்தும் வகைக் கிட். இதைக் கட்டியவர் பல ஆண்டு அனுபவம் உள்ள நண்பர். அடிப்படை வண்ணம் முடிந்து, பேனல் லைன்களிலும் (பரப்பில் உள்ள பள்ளக் கோடுகள்) மூட்டுகளிலும் எனாமல் வாஷ் (தின்னர் என்ற கரைப்பானில் மிகவும் நீர்த்த எனாமல் பெயின்ட்) இட்டு, உலரட்டும் என்று இரவில் மேசைமேல் நிறுத்திவைத்திருக்கிறார். காலையில் மாடல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடது கணுக்காலின் முளை அடியோடு முறிந்திருந்தது. வலது முழங்காலின் வளையத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. வலது இடுப்பு மூட்டில் பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. ஆனால் உடற்பகுதியில், அதே வாஷ் அதே தாராளத்துடன் ஓடியிருந்தும், ஒரு கீறல்கூட இல்லை.

ஒரே திரவம், ஒரே இரவு, ஒரே மாடல். கால் மூட்டுகள் மட்டும் ஏன் உடைந்தன என்பதுதான் விடை காண வேண்டிய கேள்வி. இத்தகைய சேதம் நேர்ந்தால் பெரும்பாலும் 'பிளாஸ்டிக் சரியில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விடை உடைந்த இடத்தை விளக்குவதாகத் தோன்றினாலும் உடையாத இடத்தை விளக்குவதில்லை. அடுத்த மாடலைக் காப்பாற்றவும் அது உதவாது. ஆகவே மாடலைச் சீரமைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுவது என்று இருவரும் முடிவு செய்தோம்.

அதுவரை நடந்தவை

நண்பரின் வேலைமுறை வழக்கமானது, கவனமானது. பாகங்களை, அவை ஒட்டி வரும் ஸ்ப்ரூ என்ற வார்ப்புச் சட்டத்திலிருந்து நிப்பரால் இரண்டு வெட்டாகப் பிரித்து, கேட் (உருகிய பிளாஸ்டிக் பாகத்துக்குள் நுழையும் வாய்) இருந்த தழும்புகளை 400, 600, 1000 எண் உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தியிருக்கிறார். வண்ணம் பூசும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துப் பின்னர் உடல், தொடை, கணைக்கால், பாதம் என்று தனித்தனிப் பகுதிகளாகக் கழற்றி, 0.3 மி.மீ. நாசில் உள்ள ஏர்பிரஷ்ஷால் லாக்கர் பிரைமரும் அதன்மேல் வெளிர்சாம்பல் லாக்கரும் அடித்திருக்கிறார். முளைகளையும் துளைகளின் உட்சுவர்களையும் டேப்பால் மறைக்கவில்லை. பிறகு மீண்டும் பொருத்தியபோது கணுக்காலை உள்ளே தள்ள முதல் முறையைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருந்ததை அவர் தெளிவாக நினைவில் வைத்திருந்தார்.

கிளியர் கோட் அதன்பின், முழு மாடலாகப் பொருத்திய நிலையில் அடிக்கப்பட்டது. எனவே வெளிப்பரப்பில் பளபளப்பான காப்புப் படலம் உண்டு. மூட்டுகளின் உட்புறத்தில் இல்லை. வாஷ் இடும்போது நிறைந்த தூரிகையின் நுனியால் மூட்டைத் தொட்டிருக்கிறார். நுண்புழை ஈர்ப்பால் திரவம் தானாகவே இடுக்கைச் சுற்றி உள்ளே ஓடியிருக்கிறது. அரை உலர்ந்த பின், தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மிகுதியைத் துடைத்திருக்கிறார். அப்போது புதிய தின்னர் மறுபடியும் அதே இடுக்குகளுக்குள் இறங்கியிருக்கிறது. அதன்பின் மாடல் தன் முழு எடையையும் கணுக்கால்கள்மேல் தாங்கியபடி இரவு முழுவதும் நின்றிருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் எல்லோரும் செய்வதுதான்.

முறிவின் முகம்

கீழே விழுந்து உடைந்திருக்கலாம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில், முறிந்த முளையின் முகம் பெரும்பாலும் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சிறு பிறை வடிவில் வெளுத்து, நார்நாராகக் கிழிந்திருந்தது. இந்த மூட்டுகள் ஏ.பி.எஸ். என்ற வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை; திடீரென்று வளைத்து முறித்த ஏ.பி.எஸ்.-இல் இப்படி இருக்காது. முகம் பரவலாக வெளுத்து இழுபட்டிருக்கும். அதைவிட உறுதியான சான்று வாஷின் நிறம். வழவழப்பான பகுதி முழுவதும் அடர்பழுப்பாகக் கறைபட்டிருந்தது. பிறை வடிவப் பகுதியில் கறையே இல்லை. அதாவது விரிசல் ஏற்கெனவே திறந்திருந்தபோதே வாஷின் நிறமி அதற்குள் ஊர்ந்து சென்றிருக்கிறது. முளையின் குறுக்குவெட்டில் பெரும்பகுதி மெதுவாக, ஈரத்திலேயே பிளந்து, எஞ்சிய சிறு பிறை எடை தாங்க முடியாமல் கடைசியில் ஒரே கணத்தில் கிழிந்திருக்கிறது. மாடல் விழுந்ததால் முளை உடையவில்லை. முளை உடைந்ததால் மாடல் விழுந்தது.

வலது முழங்கால் வேறொரு செய்தியைச் சொன்னது. வளைய வடிவப் பாகத்தை வார்க்கும்போது உருகிய பிளாஸ்டிக் கேட் வழியாக நுழைந்து, நடுவிலுள்ள ஊசியைச் சுற்றி இரு கிளைகளாகப் பிரிந்து, எதிர்ப்பக்கத்தில் மீண்டும் சந்திக்கிறது. சந்திக்கும் நேரத்தில் இரு முனைகளும் சற்று ஆறியிருப்பதால் அந்த இணைப்புக் கோடு வளையத்தின் மற்ற பகுதியைவிட வலுக்குறைந்தது. முழங்காலின் விரிசல் கேட் தழும்புக்கு நேரெதிரே, அந்தக் கோட்டின் மேலேயே ஓடியிருந்தது. எந்த வளையப் பாகத்திலும் எது முதலில் பிளக்கும் என்பதைக் கேட் தழும்பைப் பார்த்தே ஊகிக்கலாம் என்பது இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவு.

ஸ்ப்ரூ துண்டுகளில் சோதனை

கிட்டின் ஸ்ப்ரூக்கள் பத்திரமாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் பிளாஸ்டிக்கின் வகை எழுத்தாகவே வார்க்கப்பட்டிருக்கும்: உடற்பாகங்கள் பி.எஸ்., அதாவது பாலிஸ்டைரீன்; மூட்டுப் பாகங்கள் ஏ.பி.எஸ். இரண்டிலிருந்தும் ஒரே நீளமுள்ள துண்டுகளை வெட்டிக்கொண்டோம். சிலவற்றை நேராக விட்டோம். சிலவற்றை வில்லாக வளைத்து இரு முனைகளையும் நூலால் கட்டினோம்.

நேரான துண்டின்மேல் எனாமல் தின்னரைத் தடவியபோது அது நனைந்து உலர்ந்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. வளைத்துக் கட்டிய உலர்ந்த துண்டும் அப்படியே கிடந்தது. வளைத்த துண்டின் வெளிவளைவில் தின்னரைத் தொட்டவுடன் கதை மாறியது: முதலில் குறுக்கே மெல்லிய வெண்கோடுகள் தோன்றின, அவற்றுள் ஒன்று ஆழமாகி, யாரும் தொடாமலே துண்டு இரண்டானது. ஏ.பி.எஸ். துண்டு மட்டுமல்ல, பி.எஸ். துண்டும் அதே வழியில்தான் போயிற்று. வளைத்த பிறகு லாக்கர் கிளியர் அடித்து நன்கு காயவைத்த துண்டு தாக்குப்பிடித்தது. ஆனால் அந்தப் படலத்தில் ஊசியால் ஒரு கீறல் இட்டபின் தின்னரைத் தடவியதும் கீறலிலிருந்தே விரிசல் கிளம்பியது. தண்ணீர் கலந்த அக்ரிலிக் வாஷ் தடவிய வளைந்த துண்டு எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது.

காரணம்

பாலிமர் பொறியியலில் இதற்குச் சூழல் அழுத்த விரிசல் என்று பெயர். பிளாஸ்டிக்கின் வலிமை அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதில் இருக்கிறது. தின்னரின் சிறிய மூலக்கூறுகள் அந்தப் பின்னலுக்கு இடையே புகுந்து பிடியைத் தளர்த்துகின்றன. இழுவிசை எதுவும் இல்லாத இடத்தில் சங்கிலிகள் நகர வேண்டிய தேவை இல்லை. தின்னர் ஆவியாகி வெளியேறியதும் பிடி மீண்டும் இறுகிவிடுகிறது. இழுவிசை உள்ள இடத்திலோ தளர்ந்த சங்கிலிகள் வழுக்கிப் பிரிகின்றன. நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. நாம் கண்ட வெண்கோடுகள் அவைதான். பிறகு அவை விரிசலாக ஒன்றுசேர்கின்றன. மாடல்களை ஒட்டப் பயன்படும் நீர்மப் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் பரப்பைக் கரைப்பது கண்ணுக்குத் தெரியும். எனாமல் தின்னர் பரப்பை அப்படிக் கரைப்பதில்லை. அதனால்தான் அது தீங்கற்றது என்ற நம்பிக்கை இவ்வளவு பரவலாக நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அழுத்திப் பொருத்தும் கிட்டில் இழுவிசை தற்செயலாக வருவதல்ல. அதுதான் பொருத்தத்தின் அடிப்படையே. முளை துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதால்தான் பிடிப்பு உண்டாகிறது. அந்தப் பிடிப்பைத் தருவதற்காகத் துளையைச் சுற்றிய வளையம் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. இதன்மேல் பெயின்ட்டின் தடிமனைச் சேர்த்துப் பாருங்கள். பிரைமரும் வண்ணமும் சேர்ந்து ஒரு பக்கத்தில் 0.05 மி.மீ. என்றாலும் முளையின் குறுக்களவு 0.1 மி.மீ. கூடுகிறது, துளையின் உட்சுவரிலும் அதே அளவு படிந்திருந்தால் துளை 0.1 மி.மீ. குறுகுகிறது. 3 மி.மீ. முளையில் மொத்தம் 0.2 மி.மீ. கூடுதல் இறுக்கம் என்பது, அழுத்தும்போது ஒரு பகுதி பெயின்ட் சுரண்டப்பட்டு வெளியேறினாலும், சிறிய சுமை அல்ல. நண்பர் நினைவில் வைத்திருந்த அந்தக் கூடுதல் அழுத்தம் இதுதான். கணுக்காலில் இதோடு மாடலின் எடையும் சேர்ந்து முளையை வளைத்துக்கொண்டிருந்தது. காப்புப் படலம் இல்லாத உட்புறத்தில் தின்னர் தேங்கி நின்றது. காற்றோட்டமில்லாத இடுக்கு என்பதால் வெளிப்பரப்பைவிட நெடுநேரம் ஈரமாகவும் இருந்தது.

உடற்பகுதி தப்பியதற்குக் காரணம் அது பாலிஸ்டைரீனால் ஆனது என்பதல்ல. வளைத்த பாலிஸ்டைரீன் துண்டும் முறிந்ததே. உடலின் பேனல்களில் இழுவிசை இல்லை; அங்கே தின்னர் தேங்காமல் உலர்ந்தது; கிளியர் கோட் முழுமையாக மூடியிருந்தது. ஏ.பி.எஸ். பாகங்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று பலரும் சொல்லும் அறிவுரை அரைகுறையானது என்பதே என் முடிவு.

சீரமைப்பு

எந்த வேலையும் தொடங்கும் முன் தின்னர் முழுவதும் வெளியேற வேண்டும். பிரிக்க முடிந்த மூட்டுகளைப் பிரித்து, எடை எதுவும் விழாதபடி பாகங்களைப் படுக்கவைத்து, வாசனை அறவே போகும்வரை காத்திருந்தோம்.

கணுக்காலில் முறிந்த முளையை மீண்டும் ஒட்டுவதில் பொருளில்லை. வெட்டுமுகம் சிறியது, சுமை பெரியது. எஞ்சிய அடிக்கட்டையைச் சமதளமாகச் சீவி, துளைக்குள் சிக்கியிருந்த மறுபாதியை உள்ளிருந்து துருவி எடுத்தோம். பிறகு பின்வைஸ்ஸில் (கையால் சுழற்றும் சிறு துளைக் கருவி) 1.1 மி.மீ. டிரில் பொருத்திக் கணைக்காலிலும் பாதத்திலும் துளையிட்டு, 1 மி.மீ. பித்தளைக் கம்பியை இரண்டுக்கும் நடுவே செருகினோம். இரு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைவதற்கு, ஒரு பக்கத் துளையின் விளிம்பில் ஈரப் பெயின்ட்டைத் தொட்டு மறுபக்கத்தில் ஒற்றி அடையாளம் எடுப்பது எளிய வழி. கம்பியைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருந்தது வேண்டுமென்றே செய்தது: கம்பி இறுக்கத்தால் அல்ல, இடைவெளியை நிரப்பும் இருபகுதி எப்பாக்ஸியால் நிற்க வேண்டும். இறுக்கிச் செருகியிருந்தால் முறிவுக்குக் காரணமான அதே இழுவிசையை நாமே மறுபடி உருவாக்கியிருப்போம்.

முழங்கால் வளையத்துக்கு முதல் தேவை ஓய்வு. முளையிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டி, அது தன் எடையாலேயே துளைக்குள் இறங்கும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தோம். முளையை வெளியே எடுத்துவைத்துவிட்டு, விரிசலை விரலால் மூடிப் பிடித்து, மெல்லிய சூப்பர் குளூவை ஊசிமுனையால் ஓடவிட்டோம். இழுபட்ட நிலையில் உள்ள ஏ.பி.எஸ்.-இல் சூப்பர் குளூவின் திரவமும் விரிசலை வளர்க்கக்கூடியது என்பதால் முளையை எடுத்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். அதன்மேல் 0.25 மி.மீ. தடிமனுள்ள பாலிஸ்டைரீன் பட்டையை வளையத்தைச் சுற்றிப் பட்டா போல ஒட்டி, மெல்லிய தண்டிலிருந்து சீவிய இரண்டு வில்லைகளைப் போல்ட் தலைகளாக வைத்தோம். கிட்டில் இல்லாத பாகம்தான். ஆனால் கற்பனை இயந்திரத்துக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. 1975-இல் கலிபோர்னியாவின் வான் நைஸில் தொடங்கப்பட்ட இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற திரைப்படச் சிறப்புக் காட்சி நிறுவனத்தின் மாடல் கலைஞர்கள் கடைகளில் விற்கும் டாங்க், கார், கப்பல் கிட்களிலிருந்து பாகங்களைப் பெயர்த்து ஒட்டித்தான் விண்கலங்களின் பரப்பை நிரப்பினார்கள். இன்று அச்சில் வார்த்து வரும் அந்தச் சிக்கலான பரப்புகள் அவர்களின் கைவேலையிலிருந்து பிறந்தவை. பழுதுபார்த்த அடையாளம் ஒன்று கூடுவது இந்த மரபுக்குள் அடங்கும் காரியம்.

வலது இடுப்பு மூட்டைத் தொடவில்லை. அதைப் பிரிப்பதற்கே பெரும் விசை வேண்டும். மயிரிழைக் கோடு முழு விரிசலாக மாற அதுவே போதும்.

மறுபடியும் வெதரிங்

ஒரு டாங்க் மாடலுக்கு வெதரிங் (பயன்பாட்டின் தேய்மானத்தையும் அழுக்கையும் வண்ணத்தால் காட்டுவது) செய்பவர் பழைய புகைப்படங்களைப் பார்த்து எங்கே சேறு, எங்கே துரு என்று அறிந்துகொள்ளலாம். இல்லாத இயந்திரத்துக்குப் புகைப்படம் இல்லை. ஆகவே காரணங்களைத்தான் துணைக்கொள்ள வேண்டும்: எடை, வெப்பம், உராய்வு, மனிதக் கை. இயந்திரம் கற்பனையாக இருந்தாலும் அதன்மேல் விழும் மழை கீழ்நோக்கித்தான் வழியும். வறண்ட, கற்கள் நிறைந்த நிலத்தில் ரோந்து செல்லும், எப்போதாவது மட்டுமே கழுவப்படும், இடப்பக்கக் கதவு வழியாக ஆட்கள் ஏறும் இயந்திரம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டோம். இதன்பின் ஒவ்வொரு கறைக்கும் காரணம் கேட்க முடிந்தது. காரணம் சொல்ல முடியாத கறை வைக்கப்படவில்லை.

அளவுக் கணக்கையும் கையில் வைத்திருந்தோம். 1/48-இல் 0.5 மி.மீ. பெயின்ட் உதிர்வு உண்மையில் 24 மி.மீ.; கதவின் விளிம்பில் அது இயல்பானது. 2 மி.மீ. உதிர்வு கிட்டத்தட்ட 10 செ.மீ.; அவ்வளவு பெரிய காயத்துக்கு ஒரு மோதல் நடந்திருக்க வேண்டும். 1.75 மீட்டர் உயரமுள்ள மனிதர் இங்கே 36.5 மி.மீ. மட்டுமே, அவர் நிற்கக்கூடிய இடத்திலிருந்து கை எட்டும் உயரத்துக்கு மேல் கைப்பிடித் தேய்மானம் வரக் கூடாது. பெரும்பாலான அறிவியல் புனைவு மாடல்களில் வெதரிங் மிகையாகத் தோன்றுவதற்கு, தூரிகையின் நுனி அளவே உதிர்வின் அளவாகிவிடுவதுதான் காரணம். இது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம். நல்ல கட்டுமானங்கள் பல இதனாலேயே பொம்மையாகச் சுருங்கிவிடுகின்றன.

உதிர்வுகளுக்குச் சிப்பிங் திரவ முறையைப் பயன்படுத்தினோம். கதவின் விளிம்புகள், ஏறும் படிகள், பாதங்கள் ஆகியவற்றில் அடர் உலோக நிறத்துக்கு மேல் அந்தத் திரவத்தை மெல்லியதாக அடித்து, அதன்மேல் அக்ரிலிக் சாம்பலைப் பூசி, காய்ந்ததும் தண்ணீர் தொட்ட விறைப்பான தூரிகையால் தேய்த்தால் மேல் வண்ணம் செதில்செதிலாகப் பெயரும். கரைப்பானாகத் தண்ணீர் மட்டுமே வேலை செய்வதால் மூட்டுகளுக்கு அருகிலும் அஞ்சாமல் செய்யலாம்.

உடற்பகுதியின் வழிசல்களுக்கு எண்ணெய் வண்ணங்களைத் தேர்ந்தெடுத்தோம். அட்டையின்மேல் பிதுக்கிச் சற்று நேரம் விட்டால் லின்சீட் எண்ணெயின் ஒரு பகுதியை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். வண்ணம் பளபளப்பின்றி, சீக்கிரம் உலரும். ரிவெட்டின் அடியில் ஒரு சிறு புள்ளி வைத்து, தின்னரில் நனைத்து ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்ட தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் வழிசல் நுனியில் தானே மங்கிக் கரையும். எண்ணெய் வண்ணத்தோடு பயன்படும் ஒயிட் ஸ்பிரிட்டும் எனாமல் தின்னரைப் போலவே பெட்ரோலியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இந்த வேலை கிளியர் கோட் முழுமையாக மூடிய, இழுவிசை இல்லாத பேனல்களோடு நின்றுவிட்டது. இடுப்புக்குக் கீழே அந்தத் தூரிகை வரவில்லை.

மூட்டுகளுக்கு அக்ரிலிக் வாஷ். எனாமல் போல இது நிதானமாக ஓடாது; விரைவில் உலர்ந்து விளிம்பில் வளையமாகக் கறை விடும். பரப்பை முதலில் தண்ணீராலும் ஒரு துளி ஓட்டம் கூட்டும் திரவத்தாலும் ஈரமாக்கிக்கொண்டு, மிக வெளிறிய கலவையைப் பலமுறை இட்டால் அந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. மசகெண்ணெய்க் கசிவுக்கு அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷில் அடர்பழுப்பைக் கலந்து, முழங்கால் பட்டாவின் அடியிலிருந்து கீழே ஓடவிட்டோம். பழுதுபார்த்த மூட்டு கசியும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

புழுதி கடைசி வேலை. நடக்கும் இயந்திரத்தில் அது சீராகப் படியாது. ஒவ்வொரு பாதமும் கிளப்பும் மண் எதிர்க்காலின் உட்புறத்தில்தான் அதிகம் விழும். எனவே கணைக்கால்களின் உட்புறம் முழங்கால்வரை தடித்தும், வெளிப்புறம் கணுக்காலுக்குச் சற்று மேலேயே மங்கியும் இருக்கும்படி பிக்மென்ட் பொடியைத் தூவினோம். பிக்மென்ட்டை நிலைநிறுத்தக் கடையில் கிடைக்கும் திரவங்களில் பல எனாமல் தின்னர் வகையைச் சேர்ந்தவை. ஆகவே தண்ணீரில் சிறிது அக்ரிலிக் மேட் மீடியத்தைக் கலந்து, தூரிகை நுனியைத் தொடவிட்டு ஊறச் செய்தோம். உலர்ந்ததும் பொடியின் நிறம் ஒரு படி அடர்ந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு படி வெளிறிய பொடியை எடுக்க வேண்டும். பின்புறப் புகைவாயின் கரி, ஏர்பிரஷ்ஷில் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் அடித்த, மிகவும் நீர்த்த அடர்பழுப்பு. கருப்பு அங்கே ஓட்டையாகத்தான் தெரியும்.

இன்றைய நிலை

மாடல் இப்போது தன் கால்களிலேயே நிற்கிறது. புதிய விரிசல் எதுவும் தோன்றவில்லை. விலை ஒன்று கொடுக்கவேண்டியிருந்தது: இடது கணுக்கால் எப்பாக்ஸியால் இறுகிவிட்டது, வலது முழங்கால் முளையின் பிடிப்பு போனதால் அதையும் விரும்பிய கோணத்தில் ஒட்டிவிட்டோம். ஆகவே மாடலின் நிலையை இனி மாற்ற முடியாது. இடக்கால் ஊன்றி, வலக்கால் சற்று முன்வைத்த நிலை அப்படியே நிலைத்துவிட்டது.

நண்பர் அடுத்து எடுத்திருக்கும் கிட்டில், வண்ணம் பூசும் முன்னரே முளைகளைத் தேய்த்துத் தளர்த்தி, துளைகளுக்குள் டேப் உருளைகளைச் செருகி, கிளியர் கோட்டையும் வாஷையும் பாகங்கள் பிரிந்திருக்கும்போதே முடித்து, தின்னர் வாசனை போன பிறகு பொருத்துகிறார். ஒவ்வொரு ஸ்ப்ரூவிலிருந்தும் ஒரு துண்டை வளைத்துக் கட்டி, எந்தப் புதிய திரவத்தையும் முதலில் அதன்மேல் தடவிப் பார்க்கிறார். இந்த மாடலின் வலது இடுப்பு மூட்டில் உள்ள மயிரிழைக் கோட்டின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்திருக்கிறோம். கோடு இதுவரை அந்தக் குறிகளைத் தாண்டவில்லை. தாண்டினால் இடுப்பையும் கணுக்காலைப் போலவே பித்தளைக் கம்பியால் இணைக்க வேண்டியிருக்கும், அதற்குத் தொடையின் உள்ளே போதிய ஆழம் இருக்கிறது.